கோல்ஃப் மைதானத்துக்கு நான் வரைந்த வரைபடம்

நான் நிலம் அளக்கிறவள். விம்கோ நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், பெரிய தாளில் அச்செடுக்கும் பழைய பிளாட்டர், மூலையில் முக்காலியோடு நிலம் அளக்கும் கருவி. வீட்டு மனை, கோடவுன், கன்டெய்னர் யார்டு என்று திருவொற்றியூருக்கும் மீஞ்சூருக்கும் நடுவில் எது கிடைத்தாலும் அளப்பேன். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு.

பிறந்தது எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில். கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவில் மணல்மேடுகள். தூரத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் புகைபோக்கி. அப்பா போனபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். என்னைவிட ஏழு வயது மூத்த அண்ணன்தான் கடலுக்குப் போய் என்னைப் படிக்கவைத்தான். குப்பத்திலேயே சிவில் டிப்ளமா முடித்த முதல் பெண் நான்தான் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லுவான். டீக்கடையில் முன்பின் தெரியாத ஆளைப் பிடித்து, "நம்ம பாப்பா எஞ்சினீரு" என்பான். இப்போது அவன் அப்படிச் சொல்வதில்லை. எதனால் என்பதை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

குப்பத்துக்குத் தெற்கே இருந்த மணல்மேட்டு நிலம் முழுவதும் ஒரு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. எப்படிப் போனது என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவந்தபோது போய்விட்டிருந்தது. உள்பக்கம் கோடவுன் கட்டினார்கள். கடலோரப் பக்கம் கட்டடம் எழுப்ப விதி இடம் கொடுக்கவில்லை. புல் வளர்க்க இடம் கொடுக்கும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். துறைமுகத்துக்கு வந்து போகிற பெரிய மனிதர்கள் விளையாட ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் போடுவதாக முடிவாகி, நிலத்தின் மேடு பள்ளத்தையும் மரங்களையும் அளந்து வரைபடம் தர என்னைக் கூப்பிட்டார்கள். அந்த மண் எனக்குத் தெரிந்த மண் என்பதால் கூப்பிடவில்லை. கிட்டத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

மைதானத்தை வடிவமைக்க ஒருவர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், என் வயதுதான் இருக்கும், வெளிநாட்டில் இதற்கென்றே படித்தவர். முதல் நாள் காலையில் காரிலிருந்து இறங்கியதும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் நடந்தார். நானும், புராஜெக்ட் மேனேஜரும், எனக்கு உதவியாக வருகிற பெரியவரும் பின்னால் போனோம். மேட்டின் உச்சிக்குப் போய் நின்று, நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இங்க யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாங்க," என்றார். "காத்தே எல்லாத்தையும் செஞ்சு வச்சிருக்கு."

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. மண் அள்ளும் இயந்திரங்களுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார் போல. "லெவல் பண்ண வேண்டாமா சார்?"

"லெவல் பண்ணினா இது வெறும் புல்தரை. எதுக்கு?"

பிறகு மூன்று நாள் அவரோடு நடந்தேன். நடக்க நடக்க விளக்கிக்கொண்டே வந்தார். ஆதியில் இந்த விளையாட்டுக்கு யாரும் மைதானம் கட்டவில்லையாம். கடலோர மணல்மேடுகளில் ஆடு மேய்ந்த புல்தான் மைதானம். உயரமான இடத்தில் நின்று அடித்தார்கள், அது டீ. மேடுகளுக்கு நடுவே சமமாகக் கிடந்த இடத்தில் குழி வெட்டிக் கொடி நட்டார்கள், அது கிரீன். இரண்டுக்கும் நடுவில் நிலம் எப்படிப் போகிறதோ அப்படியே ஆட்டமும் போனது. நல்ல மைதானத்தைக் காகிதத்தில் வரையக் கூடாது, கால்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். முதலில் கிரீனுக்கான இடங்களைத் தேட வேண்டும். அவை கிடைத்த பிறகு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்று நிலத்தையே கேட்க வேண்டும். மழைத் தண்ணீர் இயல்பாக எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கமே வழிய விட வேண்டும். எல்லாக் குழியும் ஒரே திசையில் இருக்கக் கூடாது. ஒரு முறை காற்று முகத்தில் அடிக்க வேண்டும், அடுத்த முறை தோளில், அடுத்த முறை முதுகில்.

"இங்க காத்து எப்படிங்க மேடம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாததா! மார்கழியில் வாடை எப்படி வரும், சித்திரைக்கு மேல் கச்சான் காற்று எந்த மேட்டைத் தின்னும், கொண்டல் அடிக்கும்போது சவுக்குத் தோப்புக்குள் மட்டும் எப்படி அமைதியாக இருக்கும் என்று மடைதிறந்தாற்போல் சொன்னேன். அவர் நின்று நின்று குறித்துக்கொண்டார். எந்த மேடு அசையும், எதை அடம்புக்கொடி பிடித்து நிறுத்தியிருக்கிறது என்றும் சொன்னேன். ஒரு நிலத்தைப் பற்றி நான் சொல்லும் வார்த்தையை ஒருவர் எழுதிக்கொண்டது அதுவரை நடந்ததே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். பாலிடெக்னிக்கில் எந்த ஊர் என்று கேட்டால் "எண்ணூர் சைடு" என்பேன். கேட்டவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சாம்பல், புகை, மீன்நாற்றம். எங்கள் ஊரை அழகு என்று ஒரு மனிதர் சொல்லி நான் கேட்டது அந்த நாற்பத்திரண்டாவது வயதில்தான். அதில் விழுந்துவிட்டேன்.

மரங்களை அவர் பார்த்த விதமும் எனக்குப் புதிது. மற்ற கம்பெனிகளுக்கு மரம் என்றால் எத்தனை வெட்ட வேண்டும் என்ற கணக்கு. இவர் ஒன்றைக்கூட வெட்ட விடவில்லை. சவுக்குத் தோப்பைப் பின்னணியாக வைத்துக்கொண்டார்; கொடி கண்ணில் படப் பின்னால் கருப்பாக ஏதாவது வேண்டுமாம். இருபக்கமும் வரிசையாக மரம் நட்டுத் தாழ்வாரம் மாதிரி ஆக்குகிறவர்களைத் திட்டினார். மேட்டுச் சரிவில் தனியாக நின்ற புன்னையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒரு மரம் போதுங்க. இது நடுவுல நிக்குது பாருங்க. இடதுபக்கம் அடிச்சா தூரம் கம்மி, ஆனா மரம் மறைக்கும். வலதுபக்கம் திறந்திருக்கு, ஆனா சுத்து. அடிக்கிறவன் யோசிச்சே ஆகணும். எத்தனை செலவு பண்ணினாலும் இப்படி ஒரு மரத்தை வாங்க முடியாது."

அந்தப் புன்னை நிழலில் குப்பத்துப் பெண்கள் கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். கரையிலிருந்து மீனை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற சாலைக்குப் போகும் வழி அந்த மேட்டின்மேல்தான். என் அண்ணி தினமும் அதே வழியில் போகிறவள். அவரிடம் அதையும் சொன்னேன். "ஆமா, நல்ல நிழல்," என்றார்.

மூன்றாம் நாள் ஊற்றுக்கு வந்தோம். இரண்டு மேடுகளுக்கு நடுவே குளம்போல ஒரு பள்ளம். அடியில் மணலைக் கையால் பறித்தால் முழங்கை ஆழத்தில் தண்ணீர் சுரக்கும், கடலிலிருந்து கல்லெறி தூரத்தில், இளநீர் மாதிரித் தித்திக்கும் தண்ணீர். மழைத் தண்ணீரை மேடுகள் குடித்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுகின்றன என்பது நான் பின்னால் படித்தது. சின்ன வயதில் அது ஊற்று, அவ்வளவுதான். லாரித் தண்ணீர் வராத நாளில் குப்பம் முழுவதும் அங்கேதான் நிற்கும்.

அவர் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். "இயற்கையான பங்கர். இவ்வளவு நல்ல வளைவு கையால போட வராது."

பங்கர் என்பது பந்து விழுந்தால் எடுத்து அடிக்கத் திணற வேண்டிய மணல் பள்ளம்.

"இது இயற்கை இல்ல சார்," என்றேன். "எங்க பொம்பளைங்க பறிச்சது. தண்ணிக்காக. எத்தனையோ தலைமுறையா."

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா! பழைய மைதானங்கள்லயும் அப்படித்தாங்க. காத்துக்கு ஒதுங்குறதுக்காக ஆடுங்க காலால பறிச்சுப் பறிச்சு உண்டான பள்ளம்தான் முதல் பங்கர்."

அவர் தப்பாகச் சொல்லவில்லை. நாங்கள் ஆடு என்று அவர் நினைக்கவும் இல்லை. தனக்குத் தெரிந்த ஒன்றோடு பொருந்திப்போன மகிழ்ச்சி, அவ்வளவுதான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் கசக்கிறது.

அளவை முடிய மூன்று வாரம் ஆனது. கம்ப்யூட்டரில் வரையும்போது எல்லாவற்றையும் ஒரே தாளில் போட மாட்டோம். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மாதிரி, மேடு பள்ளம் ஒரு தாள், மரங்கள் ஒரு தாள், வழி, கிணறு, குடிசை எல்லாம் ஒரு தாள். லேயர் என்போம். வேண்டாத லேயரை ஒரு சொடுக்கில் அணைத்துவிடலாம்; அழியாது, தெரியாது. மூன்றாவது லேயரில் நான் புன்னை வழியைப் போட்டிருந்தேன். ஊற்றைப் போட்டிருந்தேன். வலை காயப்போடும் திட்டு, கருவாட்டுப் பந்தல், உப்பங்கழிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, எதையும் விடவில்லை.

மேனேஜர் அலுவலகத்துக்கே வந்தார். திரையைப் பார்த்தார்.

"மேடம், டிசைனருக்கு மண்ணும் மரமும் போதும். இதெல்லாம் எதுக்கு? கலீஜா இருக்கு படம்."

"அங்க இருக்கு சார். அதனால போட்டேன்."

"இருக்கட்டும். இதுக்குத் தனியா ஒரு ஷீட் போட்டுக்கலாம். இந்த ஷீட்ல வேண்டாம். ஆஃப் பண்ணிட்டு பிரிண்ட் எடுங்க."

தனி ஷீட் வரும் என்று நம்பினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நம்பவில்லை. கோடவுன் வேலை முழுவதும் எனக்கே வரும் என்று அவர் போன மாதம் சொல்லியிருந்தது நினைவில் இருந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். என் கை மவுஸ் மேல் இருந்தது. ஒரே சொடுக்கு. திரையில் மணலும் மரமும் மட்டும் நின்றன. பார்க்க அழகாகக்கூட இருந்தது. அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து எண்ணூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அளவை செய்தவள் என்ற முறையில் என்னையும் வரச் சொன்னார்கள். மேடையில் அதிகாரிகள். பக்கத்தில் பெரிய திரை. கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்கள் குப்பமே உட்கார்ந்திருந்தது. அண்ணனும் அண்ணியும் மூன்றாவது வரிசையில். என்னைக் கம்பெனிக்காரர்கள் வரிசையில் பார்த்ததும் அண்ணன் கையை ஆட்டினான். பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும்.

திரையில் என் படம் வந்தது. கம்பெனி ஆள் விளக்கினார்: ஒரு மரம்கூட வெட்டப்படாது, ஒரு மேடுகூடக் கரைக்கப்படாது, நிலம் இருக்கிறபடியே இருக்கும், தவிர இது பயன்பாட்டில் இல்லாத வெற்று நிலம்.

அண்ணன் எழுந்தான். மைக் வரும்வரை காத்திருக்கவில்லை.

"சார், இன்னா சார் வெத்து நெலம்? எங்க பொம்பளைங்க போற வயி எங்க கீது இதுல? ஊத்து எங்க கீது?"

அதிகாரி திரையைப் பார்த்தார். "மேப்ல அப்படி ஒண்ணும் காணோமேப்பா."

"மேப்புல இல்லாட்டி? நெலத்துல கீது சார். வந்து பாருங்க."

"முறைப்படி அளந்து கையெழுத்துப் போட்ட மேப் இது. யார் அளந்தது?"

கம்பெனி ஆள் என் பக்கம் கையைக் காட்டினார். எழுந்து நின்றேன். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு ஆதரவாகச் சிரிக்கக்கூட ஆரம்பித்தான். பாப்பா எழுந்திருச்சு, எல்லாத்தையும் சொல்லிவிடும் என்று நினைத்திருப்பான்.

"இந்த நிலத்துல வழி, கிணறு ஏதாவது இருக்காம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. நான் சொன்னது இது: "அது வேற லேயர்ல இருக்கு சார். இந்த ஷீட் மண்ணுக்கும் மரத்துக்கும் மட்டும்."

அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, "சரி, பதிவு பண்ணிக்கலாம்," என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். குப்பத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லேயர் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. நான் மறைத்தேன் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

வெளியே வந்தபோது அண்ணன் மண்டப வாசலில் நின்றிருந்தான். கோபமாகக்கூட இல்லை.

"நீ நடந்து வந்த வயிதானே அது? பள்ளிக்கூடத்துக்கு அதுலதானே போன?"

"அண்ணா, அது கம்ப்யூட்டர்ல இருக்குண்ணா. அழிக்கல. சத்தியமா அழிக்கல."

"கம்ப்யூட்டர்ல இர்ந்து இன்னா பிரோஜனம்? அண்ணி அதுலயா நடக்கும்?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. அண்ணி மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

மைதானம் வந்தது. வடிவமைத்தவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு மேடுகூடக் கரையவில்லை. ஒரு மரம்கூட விழவில்லை; ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட தகடு அடித்தார்கள். சரிவெல்லாம் புல் பிடித்துப் பச்சையாக எழுந்தபோது, சாலையில் போகிறவர்கள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நிலம் இருந்தபடியே இருந்தது. சுற்றிலும் கம்பிவேலி போட்டதால் குப்பத்துப் பெண்கள் கழியைச் சுற்றிக்கொண்டு சாலைக்குப் போனார்கள். பழைய வழியில் கால் மணி நேரம். சுற்று வழியில் ஒரு மணிக்கு மேல். தலையில் மீன். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஐஸ் ஒழுகும் கூடையை ஏற்ற மாட்டார்கள். அண்ணி இரண்டு மழைக்காலம் அப்படி நடந்தாள். பிறகு முட்டி போய்விட்டது. கூடையை நிறுத்திவிட்டு அந்த மைதானத்திலேயே களை பறிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். தொப்பியும் பச்சை மேல்சட்டையும் கொடுத்தார்கள்.

ஊற்று பங்கரானது. வெளியூரிலிருந்து வெள்ளை மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கள் மணலின் நிறம் போதவில்லையாம். புல்லுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. மேடுகளுக்கு நடுவே நாலு போர் போட்டார்கள். அடுத்த கோடையில் குப்பத்துக் கைப்பம்புகளில் வந்த தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. பூமிக்குள் இனிப்பாக மிதந்துகொண்டிருந்த தண்ணீர் போய், கடல் ஏறி வந்துவிட்டது. மேடுகள் இருந்தன. அவை குடித்து வைத்திருந்தது புல்லுக்குப் போய்விட்டது.

வடிவமைத்தவருக்கு ஃபோன் செய்தேன். "நம்ம போட்ட போரால எங்க ஊருத் தண்ணி உப்பாயிடுச்சு சார்," என்றேன். நம்ம என்று சொன்னதை ஃபோனை வைத்த பிறகுதான் கவனித்தேன்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க," என்றார். உண்மையாகவே வருந்தினார். "ஆனா நான் மண்ணையும் மரத்தையும்தானே பாக்கிறேன். தண்ணி, ஆளுங்க, அதெல்லாம் கிளையன்ட் சைடு."

என் வாயால் நான் மண்டபத்தில் சொன்னதையே அவர் திருப்பிச் சொன்னதுபோல் இருந்தது. அவரிடம் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

ஒரு வழக்கறிஞர் அம்மா ராயபுரத்திலிருந்து குப்பத்துக்காக வந்துகொண்டிருந்தார். வழியும் ஊற்றும் அங்கே இருந்தன என்பதற்குக் காகிதம் வேண்டும் என்றார். நான் மூன்று லேயரையும் போட்டு அச்செடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். படத்தை விரித்துப் பார்த்தார்.

"இது நல்லா இருக்கு. ஆனா இதையும் நீங்கதான் போட்டீங்க, அதையும் நீங்கதான் போட்டீங்க. எதை நம்பறதுன்னு கேப்பாங்க. அந்தப் படத்துல தெரிஞ்சே மறைச்சேன்னு கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?"

"தந்தா?"

"வழி கிடைக்கலாம். உங்களுக்கு வேலை போகலாம்."

ஒரு வாரம் யோசித்தேன். வீரமாக எழுதிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. ஒரு வாரம் என்பது ரொம்ப அதிகம். என் கணவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், "போட்டுடு. தினம் தினம் உன் மூஞ்சிய என்னால பாக்க முடியல," என்றார். போய்க் கையெழுத்துப் போட்டேன். யார் சொல்லி மறைத்தேன், எப்போது மறைத்தேன் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். கோடவுன் வேலை நின்றது. மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதை நிறுத்தின. கூட வேலை செய்த பெரியவரை அனுப்பிவிட்டேன்.

கடைசியில் வழக்கில் வழி கிடைத்தது. ஆனால் இப்படிக் கிடைத்தது: ஆறாவது குழிக்கும் ஏழாவது குழிக்கும் நடுவே, வேலியில் ஒரு சின்னக் கேட். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். கூடையை மூடித்தான் எடுத்துப் போக வேண்டும். யாராவது பந்தை அடிக்க நின்றால், அடித்து முடியும்வரை நிற்க வேண்டும். நின்று இளைப்பாறக் கூடாது என்று புன்னை மரத்தடியில் பலகை. போர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வடிவமைத்தவர் எனக்குச் செய்தி அனுப்பினார். உலகத்தின் மிகப் பழைய மைதானத்திலும் ஊர்க்காரர்கள் நடக்கும் பாதை நடுவே போகிறதாம். அவர்கள் கடக்கும்வரை ஆட்டக்காரர்கள்தான் காத்திருப்பார்களாம். இங்கேயும் பாதை வந்ததில் மைதானத்துக்கு அந்த மரபு சேர்ந்துவிட்டதாக மகிழ்ச்சி தெரிவித்திருந்தார். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கேட் திறந்த வாரத்தில், வேலைக்குப் போன அண்ணியோடு ஒரு தடவை அந்த வழியில் நடந்தேன். முன்பு பன்னிரண்டு பேர் போன வழியில் அன்று எங்களோடு சேர்த்து நாலு பேர். மற்றவர்கள் கூடையை எப்போதோ விட்டிருந்தார்கள். காவலாளி கையைத் தூக்கினார். நின்றோம். வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் புன்னையை ரொம்ப நேரம் பார்த்தார். இடதா வலதா என்று யோசித்தார். எங்களுக்குப் பின்னால் இருந்த பெண்ணின் கூடையிலிருந்து தண்ணீர் அவள் கழுத்தில் ஒழுகியது.

"அடிச்சித் தொலையேன்யா," என்றாள் அவள், சத்தம் வராமல்.

அண்ணி அந்தப் பச்சைச் சட்டையில்தான் இருந்தாள். "அந்த ஆளு டெய்லி இப்டித்தான்," என்றாள் என்னிடம். "கடசீல ரைட்லதான் அடிப்பான்."

அவர் வலதுபக்கம்தான் அடித்தார்.

"அண்ணன் எப்படி கீது?" என்று கேட்டேன்.

"கீது."

"எம்மேல இன்னும் கோவமா?"

அண்ணி நடந்துகொண்டே சொன்னாள். "நீ எய்திக் குட்த்தத அது கேட்டுச்சி. லாயரம்மா படிச்சிக் காமிச்சாங்க. மூணு வாட்டி படிக்கச் சொல்லுச்சி. அப்பால ஒண்ணும் சொல்லாம கடலுக்குப் போயிட்ச்சி."

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு காலை, அலுவலகப் படிக்கட்டில் காலடிச் சத்தம். அண்ணனும் குப்பத்து ஆட்கள் இரண்டு பேரும். ஒன்பது குழியைப் பதினெட்டாக்கக் குப்பத்துப் பக்கம் நிலம் எடுக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அதற்குள் ஒவ்வொரு வீட்டையும் அளந்து, பட்டாவுக்கு மனுக் கொடுக்க வேண்டும். வேறு சர்வேயர் யாரும் வரச் சம்மதிக்கவில்லையாம்.

அண்ணன் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"வூடுங்கள அளக்கணும். எப்ப வர்றீங்க மேடம்?"

மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அவன் எதிரில் அழுவதற்கும் எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. "நாளைக்குக் காலைல," என்றேன்.

மறுநாள் கருவியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். வீட்டுக்கு வீடு அளவுக் குச்சி பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அண்ணனே வந்து அதை வாங்கிக்கொண்டான். நான் கருவியில் கண்ணை வைத்துப் பார்ப்பேன். அவன் மூலைக்கு மூலை குச்சியை நிறுத்துவான். "கொஞ்சம் நேரா," என்பேன். நிமிர்த்துவான். "சரி," என்பேன். அடுத்த மூலைக்குப் போவான். மதியம்வரை முப்பத்தொரு வீடு அளந்தோம். எல்லா வீட்டையும், எல்லாத் திண்ணையையும், கோழிக்கூண்டு உட்பட எல்லாவற்றையும் ஒரே லேயரில் போட்டேன்.

அண்ணி சோறு எடுத்து வந்தாள். அண்ணன் குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டான். நான் முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்னும் பதினாறு வீடு பாக்கி இருந்தது.